கண்ணாடிக்கு ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

பச்சை டிஸ்டெம்பர் அடித்த சுவரில் ஒரு வெளிச்சத் துண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு அளவுதான் இருக்கும். கண்ணாடி பிடித்த என் விரல் அசைந்தால் அது ஓடும், நான் மூச்சை இழுத்து விட்டால்கூடத் துடிக்கும், கையைக் கொஞ்சம் சாய்த்தாலே அது இரண்டு பங்கு தூரம் தாவிக் கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும். கீழே, அரைத்த மஞ்சளும் நல்லெண்ணெயும் வேப்பிலையும் கலந்த வாடைக்கு நடுவில், குறுக்கே போட்ட உலக்கையைத் தாண்டக் கூடாது என்ற உத்தரவோடு நான் உட்கார்ந்திருந்தேன். உத்தரவு எனக்கு மட்டும்தான், வெளிச்சத்துக்கு இல்லை.

பழைய நாளை நினைத்து உருகும் கட்டுரை என்று எண்ணி யாரும் கைக்குட்டையை எடுக்க வேண்டாம். அந்த நாட்கள் போனதில் எனக்கு எள்ளளவும் வருத்தம் கிடையாது. ஒன்றிரண்டு இன்னும் போகாமல் நிற்கிறதே என்பதுதான் என் கோபம்.

எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினம் பக்கத்தில், சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த காங்கிரீட் குடியிருப்பில் இருந்தது. கடல் பக்கம்தான், ஆனால் வாசலில் நின்றால் கடல் தெரியாது, எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். எல்லா வீடும் ஒரே அச்சு. முன்னால் ஒரு ஹால், பின்னால் நாங்கள் "சின்ன ரூம்" என்று சொல்லும் ஓர் அறை, இரண்டுக்கும் நடுவில் கதவு வைக்காத ஒரு வாசல். எட்டாம் வகுப்புப் படிக்கும்போது நான் வயசுக்கு வந்தேன். "செல்வி உக்காந்துட்டா" என்று தெருவுக்கே சேதி போனது. சின்ன ரூம் மூலையில் பாய் போட்டு, வாசலில் அம்மாவின் பழைய புடவையைத் திரையாகக் கட்டி, என்னை உள்ளே உட்கார வைத்தார்கள்.

எங்கள் ஜனங்களிடம் அப்போது இருந்த முறை இதுதான். தாய்மாமன் பச்சை ஓலை கொண்டுவந்து குச்சு என்கிற சின்ன ஓலைக் குடிசை கட்ட வேண்டும். அதன்பின் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றும்வரை எந்த ஆண் பிள்ளையும் பெண்ணின் முகத்தைப் பார்க்கக் கூடாது. பெற்ற அப்பனாக இருந்தாலும் சரி. என் மாமா சேகர் பரங்கிப்பேட்டைக்காரர், கடலிலேயே பல நாள் தங்கிப் பிடிக்கும் விசைப்படகில் போயிருந்தார். எப்போது கரை ஏறுவார் என்று அந்தப் படகின் சொந்தக்காரருக்கே தெரியாது. மாமா வரும்வரை குச்சு கிடையாது, குச்சு இல்லாமல் தண்ணீர் கிடையாது, தண்ணீர் இல்லாமல் நான் எழுந்திருக்க முடியாது. அவர் கடலில் வலை இழுத்த அத்தனை நாளும் நான் கரையில் மூலையில் கிடந்தேன்.

இந்த முறைகளுக்கெல்லாம் காவல் அஞ்சலை அத்தை. அப்பாவின் அக்கா, அடுத்த வரிசையில் வீடு. குப்பத்து மாரியம்மன் கோயிலில் செவ்வாய்க்கிழமை அபிஷேகத்துக்கு முதல் ஆளாய் நிற்பது அவள்தான். அந்த அபிஷேகத்தைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் அது வேண்டியிருக்கும். எங்கள் அம்மன் சுதைச் சிலை, தண்ணீர் பட்டால் ஊறிப்போய்ப் பெயர்ந்துவிடும். அதனால் அம்மனுக்கு எதிரே ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதில் தெரியும் அம்மனின் தலைமேல் பூசாரி பாலும் பன்னீரும் ஊற்றுவார். அம்மன்மேல் ஒரு சொட்டும் படாது. கண்ணாடியில் வழிந்து தாம்பாளத்தில் சேர்ந்ததைத் தீர்த்தம் என்று கொடுப்பார்கள். அத்தை அதை வாங்கிக் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டு, வீட்டுக்கும் ஒரு பாட்டிலில் கொண்டு போவாள்.

அத்தைக்கு ஒரு பெண்ணும், கல்யாணத்துக்கு ஒரு பிள்ளையும் உண்டு. என்னைப் பார்க்கும்போதெல்லாம் "எம் மருமவ" என்பாள். நான் உட்கார்ந்த அன்றே அவள் பேச்சு மாறிவிட்டது. "இனிமே என்னாத்துக்கு இஸ்கூலு? போதும் படிச்சது. வயசுக்கு வந்த பொண்ண பஸ் ஏத்தி ஊர் ஊரா அனுப்புனா, நாளைக்கு எவன் பதில் சொல்றது?" ஹாலில் அவள் அம்மாவிடம் சொல்வது திரைக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. அம்மா மீனை ஆய்ந்துகொண்டு பேசாமல் இருந்தாள். எங்கள் தெருவில் எனக்கு முன்னால் உட்கார்ந்த பெண்களை எண்ணிப் பார்த்தேன். பாதிப் பேர் அதோடு பள்ளிக்கூடம் பக்கம் வரவே இல்லை. யாரும் போகாதே என்று சொன்னதில்லை. முதலில் தண்ணீர் ஊற்றும்வரை என்றார்கள், அப்புறம் முழு ஆண்டு முடியட்டும் என்றார்கள், அப்புறம் பத்திரிகை அடித்துவிட்டார்கள்.

எனக்கு முன்னால் நின்றது சிதம்பரம். அங்கே ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி, எங்கள் பள்ளியிலிருந்து போவது என்னுடைய பெரிஸ்கோப். டியூப் லைட் வரும் நீள அட்டைப் பெட்டி ஒன்றை எலக்ட்ரிக் கடையில் கேட்டு வாங்கி, மாசிமகத்துக் கடைத்தெருவில் வாங்கிய இரண்டு கைக்கண்ணாடிகளை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகச் சாய்த்து ஒட்டியிருந்தேன். மேலே விழும் வெளிச்சம் எந்தச் சாய்வில் வந்து மோதுகிறதோ அதே சாய்வில் திரும்பிக் கீழே இறங்கும். கீழ்க்கண்ணாடி அதை வாங்கி மறுபடி அதே கணக்கில் கண்ணுக்குத் திருப்பிவிடும். அவ்வளவுதான். வெளிச்சம் போல் நாணயமான ஆள் கிடையாது, வந்த கணக்குக்குப் போகும். நான் போகாவிட்டால் வேறொருத்தியை ஒரு சார்ட்டோடு அனுப்புவதாகப் பள்ளியிலிருந்து சேதி வந்தது. கண்காட்சியை விட்டால் பள்ளிக்கூடத்தையே விட்டதுதான் என்று எனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் அத்தைக்கு அதுவே வழக்கமாகிவிடும்.

உட்கார்ந்த பெண் கண்ணாடி பார்க்கக் கூடாது என்று இன்னொரு சட்டம். "மூஞ்சி கறுத்துப் பூடும்" என்று சொல்லி, சின்ன ரூமில் இருந்த பீரோக் கண்ணாடிக்கு அத்தை துணி கட்டினாள். பவுடர் டப்பா மூடியில் பதித்திருந்த கண்ணாடியைக்கூட விடவில்லை, பிடுங்கிக்கொண்டு போனாள். மூலையில் சாத்தியிருந்த டியூப் லைட் பெட்டியைக் கையில் எடுத்தவள், "லைட்டு ஒடஞ்சிரப் போவுது, காலு படாம வை" என்று பத்திரமாகச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். சின்ன ரூமில் இருந்த எல்லாக் கண்ணாடியையும் மூடியவள், இரண்டு கண்ணாடியைத் தன் கையாலேயே எனக்குப் பத்திரப்படுத்திக் கொடுத்தாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

சின்ன ரூமில் ஒரு ஜன்னல், தலைக்கு மேல் உயரத்தில். அதன் பக்கத்தில் நிற்கக் கூடாது. நிற்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள், ஜன்னலுக்குக் கீழே சப்பணமிட்டு உட்கார்ந்து பெட்டியை மேலே நீட்டினேன். சந்து முழுக்க என் கண்ணுக்குள் இறங்கியது. தண்ணீர்க் குடங்கள், ஒரு கறுப்பு நாய், காயவைத்த நெத்திலி, நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாகப் பள்ளிக்கூடம் போகும் என் வகுப்புப் பெண்கள். ஒருத்தியும் மேலே பார்க்கவில்லை. அவர்கள் பையின்மேல் எழுதியிருந்த எழுத்து நேராகவே தெரிந்தது. ஒரு கண்ணாடி இடத்தை வலமாக்கினால் இரண்டாவது கண்ணாடி அதைத் திரும்பச் சரிசெய்துவிடுகிறது. பாடத்தில் படித்தபோது இது எனக்குப் பரீட்சைக்கு வரும் கேள்வி, அந்த மூலையில் அதுவே என் முழு உலகம். அவர்கள் சந்து முனையில் திரும்பி மறைந்ததும் அழுதேன். வருத்தத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

அப்பாவின் குரல் மட்டும் தினமும் வரும். கடலிலிருந்து வந்ததும் திரைக்கு அந்தப் பக்கம் நின்று, "பாப்பா, சாப்ட்டியா?" என்பார். "சாப்ட்டேன்" என்பேன். வேறு என்ன பேசுவது என்று அவருக்கும் தெரியாது. அக்கா சொன்னால் மறுத்துப் பேசாத மனிதர். ஆனால் அவர் போகும்போது காலடிச் சத்தம் உடனே கேட்காது, கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பார்.

அப்பா சவரம் செய்வது ஹால் ஜன்னலில். கம்பியில் ஒரு சதுரக் கண்ணாடியைத் தொங்கவிட்டு, சின்ன ரூமுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். ஒரு சனிக்கிழமை சோப்பு வாசனை வந்ததும் எனக்கு அவரைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடியைப் பிய்த்தெடுத்து, நான் சுவர் மறைவிலேயே உட்கார்ந்தபடி, திரையின் ஓரத்தில் கண்ணாடியை மட்டும் மெல்ல நீட்டினேன். முதலில் அப்பாவின் முதுகு தெரிந்தது, பனியனில் இருந்த பொத்தல் தெரிந்தது. கொஞ்சம் திருப்பினேன். ஜன்னலில் தொங்கிய சதுரக் கண்ணாடி தெரிந்தது, அதற்குள் அப்பாவின் முகம், கன்னமெல்லாம் நுரை.

நான் ஒளிந்திருந்து பார்ப்பதாகத்தான் நினைத்தேன். எட்டாம் வகுப்புப் பாடம் முழுக்க எனக்குத் தலைகீழாகத் தெரியும், ஆனால் ஒன்று மட்டும் உறைக்கவில்லை. அவர் கண்ணிலிருந்து என் கண்ணுக்கு வெளிச்சம் வர ஒரு பாதை இருந்தால், என் கண்ணிலிருந்து அவர் கண்ணுக்கும் அதே பாதை உண்டு. கண்ணாடிக்கு ஒருவழிப் பாதை தெரியாது. நுரை அப்பிய முகத்தில் அப்பாவின் கண்கள் சட்டென்று நின்றன. பிளேடு கன்னத்தில் பாதி வழியில் நின்றது. மஞ்சள் பூசிய என் முகத்தை அவர் பார்த்துவிட்டார்.

சத்தம் போடுவார் என்று பயந்தேன். அவர் திரும்பவில்லை. இடது கையால் சதுரக் கண்ணாடியின் அடிப்பக்கத்தைப் பிடித்து, கொஞ்சமாகச் சாய்த்தார். என் முகம் அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்படி. பிறகு சிரித்தார். அப்பா சிரிக்கும்போது வலது புருவத்தில் இருந்த பழைய வெட்டுத் தழும்பு மேலே ஏறும், எனக்கும் அது வலது பக்கமாகவே தெரிந்தது. அவர் பாட்டுக்குச் சவரத்தை முடித்துக்கொண்டு போனார்.

மறுநாளும் சோப்பு வாசனை வந்தது. அதற்கு அடுத்த நாளும். வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் அம்மா திட்டினால்தான், தாடியை எடுக்கிற மனிதர் தினமும் வழவழவென்று நின்றார். "என்னாடா தம்பி, ரெண்டாங் கல்யாணமா? தெனம் தெனம் செரைச்சிக்கிற?" என்று அத்தை கேட்டாள். "உப்புத் தண்ணி அரிக்குதுக்கா" என்றார் அப்பா. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவரிடம் சிதம்பரத்தைச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் அத்தை காதுக்குப் போகும். பெட்டி அட்டையில் ஒரு பக்கத்தைக் கிழித்து, அடுப்புக் கரியால் பெரிதாக "சிதம்பரம் போவணும்" என்று எழுதினேன். கண்ணாடியில் எழுத்து திரும்பித் தெரியுமே என்று மகா புத்திசாலித்தனமாக எல்லா எழுத்தையும் இட வலம் மாற்றி, பாதி நாள் மெனக்கெட்டு எழுதினேன். அப்பா பார்த்தார், புருவத்தை நெரித்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். நடுவில் இருந்தது இரண்டு கண்ணாடி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாற்றி எழுதியது மாறாமல் மாற்றியபடியே அவரிடம் போயிருக்கிறது. பெரிஸ்கோப் செய்தவளின் லட்சணம் இது! மறுநாள் நேராக எழுதிக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்துப் படித்தார். முகத்தில் சிரிப்பு போய்விட்டது. சரி என்றும் தலையாட்டவில்லை, முடியாது என்றும் ஆட்டவில்லை. அக்காவை மீறுவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கோபம் வந்தது. அட்டையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன்.

அந்த நேரம் பார்த்து அத்தை உள்ளே வந்தாள். அவள் பார்த்தது முதலில் கூரையில் ஆடிய வெளிச்சத் துண்டை. அதைப் பிடித்துக்கொண்டே கண்ணைக் கீழே இறக்கியவள் திரையோரத்தில் கண்ணாடியைப் பார்த்தாள், ஜன்னலில் அப்பாவைப் பார்த்தாள், அப்பாவின் கண்ணாடிக்குள் என்னையும் பார்த்துவிட்டாள்.

"அடிப்பாவி! தண்ணி ஊத்தறதுக்கு முன்ன அப்பன் மூஞ்சில முழிச்சிட்டியேடி! கலா, இங்க வா, வந்து ஒம் பொண்ணு பண்ணிக்கினு இருக்கற வேலையப் பாரு!" கலா என்பது அம்மா. அடுப்படியிலிருந்து அம்மா வருவதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் குடியிருப்பில் சுவர் மெல்லியது. அத்தை தீர்ப்பையும் அங்கேயே சொல்லிவிட்டாள். "உக்காந்தது அத்தினியும் வீணாப் போச்சு. இன்னியிலேர்ந்து மறுக்கா மொதல்லேர்ந்து உக்காரணும். சிதம்பரமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

அப்பா முகத்து நுரையைத் துண்டால் துடைத்தார். "நான் அவள எங்கக்கா பாத்தேன்? கண்ணாடியதான பாத்தேன்" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால் அது எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை நாளாக நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததை, பார்க்கவே இல்லை என்று சொல்ல நான் விடமாட்டேன்.

"பாத்தாரு அத்த. நானும் பாத்தேன்" என்றேன் திரைக்குள்ளிருந்து. "செவ்வாக்கெழம அம்மனுக்குப் பால எங்க ஊத்தறாங்க? கண்ணாடிலதான? அந்தத் தண்ணிய நீ தீர்த்தம்னு குடிக்கறல்ல? கண்ணாடில தெரியறது அம்மன்னா, கண்ணாடில தெரியறது நாந்தான். எங்கப்பா என்னப் பாத்துட்டாரு. வூடு இடிஞ்சா வுழுந்துச்சு? இல்ல, கண்ணாடில தெரியறது வெறும் நெழலுதான்னா, அவரு என்னப் பாக்கவே இல்ல, நீயும் இத்தினி வருசமா குடிச்சது கண்ணாடி கழுவுன தண்ணி. ரெண்டுல ஒண்ணு சொல்லு!"

வாசலில் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "வாயப் பாரு வாய! கிழிஞ்ச வாயி!" என்றாள் அத்தை. ஆனால் இரண்டில் ஒன்றை அவள் சொல்லவில்லை. அம்மனை நிழல் என்று அவளால் சொல்ல முடியாது. என்னை நிஜம் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

அம்மா ஜன்னலுக்குப் போனாள். கம்பியிலிருந்து சதுரக் கண்ணாடியை அவிழ்த்தாள். பூசைத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு, திரையை விலக்கி உள்ளே வந்து, என் எதிரே தாம்பாளத்தை வைத்து, அதில் கண்ணாடியைச் சுவரோடு சாய்த்து நிறுத்தினாள். எண்ணெய் வழியும் என் முகம் அதில் வந்து உட்கார்ந்தது. நான் கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன், உள்ளே இருந்தவளும் அதே அளவு பின்னால் போனாள். அம்மா மஞ்சள் கரைத்த சொம்போடு திரும்பி வந்தாள்.

"என்னா பண்ற?" என்றாள் அத்தை.

"அம்மனுக்கு ஆவும்னா எம் பொண்ணுக்கும் ஆவும் அண்ணி. எந் தம்பி வந்தா நெச பொண்ணுக்கு ஊத்தட்டும். இப்ப நான் கண்ணாடிக்கு ஊத்துறேன்."

"மாமன் இல்லாமயா?"

"அவங்கூடப் பொறந்தவ நான் இருக்கேன்ல" என்றாள் அம்மா. பிறகு, சொம்பைத் தூக்கிப் பிடித்தபடியே, அதுவரை எங்கள் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். "நான் உக்காந்தப்ப ஏழாவது படிச்சேன். என் தமிழ்ப் பொஸ்தகத்துல பாதிதான் முடிச்சிருந்தேன். அப்புறம் என்னை எழுந்திருக்கவே வுடல."

ஊற்றினாள். மஞ்சள் தண்ணீர் கண்ணாடியின் தலையிலிருந்து இறங்கியது, என் நெற்றி வளைந்தது, மூக்கு நெளிந்தது, கண்கள் இரண்டும் ஒழுகி மறுபடி கூடின. உள்ளே இருந்தவள் முழுக்க நனைந்துவிட்டாள். வெளியே நான் ஒரு சொட்டும் படாமல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் உடம்பு சிலிர்த்தது, அதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை. அம்மா தாம்பாளத்தில் சேர்ந்த தண்ணீரில் விரலை நனைத்து என் உச்சியில் வைத்தாள். "எழுந்திருடி" என்றாள். நான் உலக்கையைத் தாண்டினேன். அப்பா நேருக்கு நேர் நின்றுகொண்டிருந்தார், பாதி முகம் சிரைக்காமல்.

அத்தை போய்விட்டாள். போகும்போது, "நாலு பேரு நாலு விதமா பேசுனா எங்கிட்ட வராதீங்க" என்றாள். பேசினார்கள். பல நாள் பேசினார்கள். பேசினால் பேசட்டும்.

சிதம்பரத்துக்கு அப்பா கூட வந்தார். பிய்த்த கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டி, கிழித்த அட்டைக்குக் காலண்டர் தாளைச் சுற்றி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று பஸ் ஓடியது. டிரைவர் தலைக்கு மேலே அகலமான கண்ணாடி ஒன்று இருந்தது. அதில் அவர் கண்களைப் பார்த்தேன், அவர் உடனே, "என்னாம்மா, டியூப் லைட்டா? பத்தரமா புடி" என்றார். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பஸ் முழுவதையும் பார்க்கிற மனிதரை முதல் தடவையாகக் கவனித்தேன். அந்த சீட் எனக்குப் பிடித்துப் போயிற்று.

கண்காட்சியில் நடுவராக வந்தவர், பிம்பம் எங்கே உண்டாகிறது என்று கேட்டார். பொருள் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் பின்னால் இருப்பதாகத் தெரியும், ஆனால் பின்னால் போய்த் தேடினால் சுவர்தான் இருக்கும், அதனால் அதற்கு மாய பிம்பம் என்று பெயர் என்றேன். தலையாட்டினார். இந்தக் கருவியின் உபயோகம் என்ன என்று அடுத்து கேட்டார். நீர்மூழ்கிக் கப்பல் என்று சொல்ல வேண்டும், சார்ட்டில்கூட அப்படித்தான் எழுதியிருந்தேன். என் வாயில் வந்தது வேறு. "உக்கார வெச்ச எடத்துலேர்ந்தே வெளிய பாக்கலாம் சார்." அவருக்குப் புரியவில்லை. பக்கத்து மேசையில் எரிமலை செய்து புகை விட்ட பையனுக்குப் பரிசு கிடைத்தது. அப்பாவுக்குத்தான் அதில் ஆறாத கோபம். "பொகை வுடறதெல்லாம் ஒரு வேலையா?" என்று முட்லூர் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

மாமா கரை ஏறி, பச்சை ஓலையும் சீர்வரிசையுமாக வந்து சேர்ந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்வந்துகொண்டிருந்தேன். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கு முந்தி கண்ணாடிக்கு ஊத்திட்டியாக்கா? செரி, இனிமே சீரெல்லாம் கண்ணாடிக்கே வெச்சிடு" என்றார். அவர் முறையையும் விட்டுக்கொடுக்காமல் குச்சு கட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போனார். அத்தை சாப்பிட மட்டும் வந்தாள். அவள் பிள்ளைக்கு வேறிடத்தில் பெண் பார்த்தார்கள், அவனும் நிம்மதியாக இருக்கிறான், நானும் நிம்மதியாக இருக்கிறேன்.

நான் சிதம்பரத்திலேயே இயற்பியல் படித்தேன். இப்போது அங்கேயே பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன், சொந்தமாக எல் போர்டு வண்டி, தேரோடும் வீதிகள்தான் என் வகுப்பறை. வருகிறவர்கள் ஸ்டியரிங்கைத்தான் முதலில் பிடிப்பார்கள். கையை எடு, முதலில் உள்கண்ணாடியைச் சரிபண்ணு என்பேன். பின்னால் வருகிறவன் கண் உனக்குத் தெரிகிறதா, அப்படியானால் அவனுக்கு நீ தெரிகிறாய், பயப்படாதே என்பேன்.

அப்பா இப்போது இல்லை. அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது நேரில் பார்த்த முகம் அல்ல, சோப்பு நுரையோடு கண்ணாடியில் பார்த்த முகம்தான். அந்தச் சதுரக் கண்ணாடி என்னிடம் இருக்கிறது, ஓரமெல்லாம் ரசம் போய்க் கறுத்துவிட்டது, நடுவில் ஒரு உள்ளங்கை அளவுக்குத்தான் முகம் தெரியும். "ரசம் போன கண்ணாடி வூட்டுக்கு ஆவாது" என்று சொல்பவர்களிடம், ஆகாதது எனக்கு ஆகும் என்று சொல்லிவிடுவேன். புடவைத் திரை போய்விட்டது. உலக்கை எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மூலையில் உட்கார வைப்பதும் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் போய்விட்டது. இவை போனதற்காக யாராவது வருந்தினால் அவர்களை நான் ஒரு நாள் உட்கார வைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் போன மாதம் அஞ்சலை அத்தையின் மகள்வழிப் பேத்தி காவ்யாவுக்கு மஞ்சள் நீராட்டு. கடலூரில் மண்டபம். தெருமுனையிலிருந்தே அவள் முகம் ஆளுயரத்துக்கு மேல் பேனரில் நின்றது, தலைக்கு மேல் டிரோன் கேமரா சுற்றியது. அன்றைக்கு என்னை ஒருவரும் பார்க்கக் கூடாது என்றார்கள், இன்றைக்கு இவளை ஊரே பார்க்க வேண்டும் என்கிறார்கள். அந்தப் பெண் என்ன பார்க்க ஆசைப்படுகிறாள் என்று அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. மேடைக்குப் பின்னால் அறையில் அவளுக்குத் தலை அலங்காரம் நடந்தது. கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள், "அத்த, திங்கக்கெழம சிதம்பரத்துல வாலிபால் செலக்‌ஷன். ஆயா வாணாங்குது. இனிமே டவுசர் போட்டு ஆடக் கூடாதாம்." அவள் அம்மா பக்கத்தில் பூவைத் தொடுத்துக்கொண்டு, பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்த இன்னொரு அம்மா எனக்கு நினைவுக்கு வந்தாள்.

"ஒம் பொண்ணு போவணுமா வாணாமா? நீ சொல்லு" என்று காவ்யாவின் அம்மாவிடம் கேட்டேன். பூவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "போவட்டும்" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் எல் போர்டு வண்டியை அவர்கள் வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். காவ்யா பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பின் சீட்டில் ஏறினாள். அத்தை வாசற்படிக்கு வந்துவிட்டாள், கண் ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட கறுப்புக் கண்ணாடி, கையில் தடி. தடியைப் படியில் ஒரு தட்டுத் தட்டினாள். நான் உள்கண்ணாடியைத் திருப்பினேன். முதலில் காவ்யாவின் முகம் வந்தது, இன்னும் கொஞ்சம் திருப்ப, பின் கண்ணாடி வழியே வாசற்படி வந்தது. அத்தை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் எனக்குத் தெரிந்தது. அப்படியானால் அவளுக்கும் நான் தெரிந்திருப்பேன். தெரியட்டும் என்று அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கிளட்ச்சை விட்டேன்.